பிழை என்று காட்ட ஒரு வழி

பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு கருத்தைச் சொன்னால், எதைக் கண்டால் அது பிழை என்று ஒப்புக்கொள்வாய் என்பதையும் சேர்த்துச் சொல், இல்லாவிட்டால் அது விஞ்ஞானம் அல்ல என்று உயர்தர வகுப்பில் வருடா வருடம் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

வீட்டில் ராத்தா இருக்கிறாள், என் மூத்த சகோதரி. மச்சான் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து அவள் என்னோடுதான். தோணியும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கணவனை இழந்தவள் வீட்டுக்குள் அடங்கி இருக்க வேண்டிய இத்தாவை அவள் இருக்க மறுத்துவிட்டாள். அவர் உயிரோடு இருக்கிறாராம். அவருடைய சேட்டு கரையொதுங்கியபோது, நீந்துவதற்காகக் கழற்றியிருப்பார் என்றாள். பிறகு எதுவுமே ஒதுங்காத மாதங்களும் அவளுக்குச் சாட்சிதான். வகுப்பில் என்றால் பூச்சியம் போட்டிருப்பேன்.

ஒரு நாள் என் பொறுமை போய்விட்டது.

"என்னத்தக் கண்டா அவர் மௌத்து எண்டு ஒப்புக்கொள்ளுவீங்க?"

அரிசி கழுவிக்கொண்டிருந்த ராத்தா நிமிரவில்லை.

"மௌத்து எண்டு நீ சொல்றாய்தானே. என்னத்தக் கண்டா அது பிழை எண்டு நீ ஒப்புக்கொள்ளுவாய்?"

"அவர் வந்து வாசல்ல நிண்டா."

"அப்ப ஏன் பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பொறகு கதவப் பூட்டுறாய்?"

அதன் பிறகு நான் பூட்டுவதில்லை. களப்புக் காற்று கதவைத் தள்ளும்போது ராத்தா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரும்பிப் பார்ப்பது நான்தான்.