மகளின் எடை

ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்துவைத்து, கைப்பேசியில் 'நோய் எதிர்ப்பு சக்தி' என்று ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்துகிறார் லிஃப்ட்காரர். லிஃப்ட்டுக்குள் சிக்னல் எட்டிப் பார்க்காது. கதவு திறந்திருக்கும்போது தேடிவிட வேண்டும். பக்கம் வந்து விழுந்ததும் கதவை மூடிக்கொண்டு, கீழே இறங்க இறங்கப் படிக்க வேண்டும். மாடிக்கு ஒரு கேள்வி. தரைத்தளம் வருவதற்குள் எலுமிச்சை, பூண்டு, வெந்நீர், வெயிலில் நிற்பது எல்லாம் முடிந்துவிடும்.

அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கும் இந்தக் கட்டடத்தில் மூன்று மாதமாக அவர் ஒருவர்தான் மனித ஜீவன். சும்மா போட்டால் இயந்திரம் மக்கர் பண்ணும், தினம் ஒரு தடவை ஓட்டிவிடு என்று முதலாளி சொல்லிவிட்டார். காவலாளி ஊரடங்குக்கு முதல் நாளே கிளம்பிவிட்டார். மொட்டைமாடியில் இயந்திர அறையை ஒட்டிய சின்ன அறையில் ஒரு கட்டிலும் மின்னடுப்பும், அதுதான் வீடு. லிஃப்ட்டோடு பேச ஆரம்பித்துவிட்டதை அவர் மறைப்பதில்லை. "அது திருப்பிப் பேசாத வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல" என்கிறார்.

தேடலில் அவருக்கு மிகவும் பிடித்தது விடைகள் அல்ல. பாதி அடிக்கும்போதே கீழே வரிசையாக வந்து நிற்குமே, பிறர் கேட்ட கேள்விகள், அவைதான். 'ஒரே நாளில் எதிர்ப்பு சக்தி கூட', 'கைக்குழந்தைக்கு என்ன கொடுக்கலாம்', 'அம்மா சாப்பிட மறுக்கிறார்'. அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க, "அந்தம்மா சாப்ட்டாங்களோ என்னமோ" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

கிடைத்ததையெல்லாம் ஒரு டைரியில் குறித்துக்கொள்கிறார். துத்தநாகம் அவசியம் என்று ஒரு நாள் படித்துவிட்டு, பாம்பு சமாச்சாரமாக இருக்குமோ என்று பயந்தே மருந்துக்கடையில் கேட்டார். "ஜிங்க் மாத்திரைதாங்க. எல்லாரும் அள்ளிட்டுப் போயிட்டாங்க" என்றார் கடைக்காரர். எலுமிச்சையை வெந்நீரில் பிழி என்று திங்கட்கிழமைப் பக்கம் சொல்லும்; பிழியாதே, சத்துப் போய்விடும் என்று செவ்வாய்க்கிழமைப் பக்கம் சொல்லும். இரண்டையும் மகளுக்கு அனுப்பிவிடுவார். "எது சரின்னு படிச்சவளுக்குத் தெரியாதா?"

மகள் தொலைவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தொற்று வார்டில் வேலை. பஸ், ரயில் எதுவும் ஓடவில்லை. அப்பாவால் செய்ய முடிந்தது தேடுவதும் அனுப்புவதும்தான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும், சில நாள் அதுவும் வராது.

போன வியாழக்கிழமை மகளே எழுதினாள்: தனக்கும் வந்துவிட்டது, விடுதி அறையில் தனியாக இருக்கிறாள், பயப்பட வேண்டாம். மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு, கால் மரத்துப்போகும்வரை தேடினார். ஒரு பக்கம், விவரம் கொடுத்தால் நோயாளிக்கென்றே உணவுப் பட்டியல் போட்டுத் தருவதாகச் சொன்னது. வயதை உடனே எழுதினார். உயரத்துக்குத் தன் தோளருகே கையை வைத்துப் பார்த்தார். எடை? பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. மனைவி போனபோது மகளுக்கு ஒன்பது வயது. அப்புறம் விடுதி, அதன்பின் இன்னொரு விடுதி. பிடிக்காத உணவு என்ன என்று கேட்ட கட்டத்தில் விரல் நின்றுவிட்டது.

போன் போட்டார்.

"உன் எடை என்னம்மா?"

அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பி இருமலில் முடிந்தது. "இதெல்லாம் நீங்க கேட்டதே இல்லையேப்பா."

"இதுல கேக்குதும்மா."

ஐம்பத்தொன்று என்றாள். முட்டை வாசனையே ஆகாது என்றாள், பள்ளி விடுதியிலிருந்தே. முட்டை சாப்பிடச் சொல்லி அவர் அதுவரை அனுப்பியவற்றுக்குக் கணக்கில்லை. அதையெல்லாம் நீ பார்ப்பதில்லைதானே என்று சங்கடத்தோடு கேட்டார்.

"எல்லாத்தையும் படிப்பேன்ப்பா. டியூட்டி முடிஞ்சு வந்தா பேச யார் இருக்கா? நீங்க அனுப்புனது ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். படிச்சுட்டே தூங்கிடுவேன்."

சரிம்மா, சரிம்மா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தார். உணவுப் பட்டியலைக் கேட்டு வாங்கவில்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் அவரே கூப்பிடுகிறார். எதையும் படித்துச் சொல்வதில்லை; என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று கேட்டு டைரியில் எழுதிக்கொள்கிறார். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. நாக்கில் இன்னும் ருசி தெரியவில்லை.

இன்று மத்தியானம் அவளாகவே கூப்பிட்டாள். குரல் தெளிந்திருந்தது. அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாள். இத்தனை நாளில் அவரிடம் அதைக் கேட்டவர் யாருமில்லை. பழம், பருப்பு, கீரை என்று டைரியைப் பார்த்துக் கடகடவென்று ஒப்பித்தார்.

"அப்ப தட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தட்டில் ஒரு பன் இருக்கிறது, காலையில் பிய்த்துத் தின்றது போக மீதி. கைப்பேசியில் 'சத்தான மதிய உணவு படம்' என்று தேடுகிறார். பச்சையும் சிவப்புமாக எத்தனையோ தட்டுகள் வருகின்றன. நல்லதாக ஒன்றைத் தேர்ந்து மகளின் பெயர் வரைக்கும் கொண்டுபோகிறார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு அதை அழித்துவிட்டு, தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, பன்னைப் படம் பிடிக்கிறார்.