மேகம்னா மேகம்

சகாயமேரி அக்கா மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று அவருடைய மகன் போன் செய்தபோது, நானும் கலைவாணியும் சூளையிலிருந்து ஜாடிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுத்தான் அழுதோம். பீங்கான் பட்டறையில் அழுகைகூட அப்படித்தான், அக்கா பழக்கியது.

விருத்தாசலத்தில் எங்கள் பட்டறையில் அவர் ஜாடிகளுக்குப் பளபளப்புப் பூச்சு பூசும் வேலை பார்த்தார். சர்க்கரை நோய்க்கு டாக்டர் நடக்கச் சொன்னார்; அக்கா சைக்கிளை எடுத்தார். ஞாயிறுதோறும் விடியும் முன் ஸ்ரீமுஷ்ணம் சாலையில் கிளம்பி, சர்ச் பூசைக்குத் திரும்பிவிடுவார். எங்களையும் சேர்த்துக்கொண்டார். ஏரிக்கரையில் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டும். வானத்தில் கண்டது ஒன்றையாவது சொன்னால்தான் டீ பிளாஸ்க்கைத் திறப்பார். முதல் நாள் நான், கம்மாபுரம் பக்கம் எரிந்த நிலக்கரிச் சுரங்க விளக்கை விடிவெள்ளி என்று காட்டினேன்.

"அதுக்குக் கரண்டு பில்லு வருதும்மா," என்றார். எனக்குக் கடைசியாகத்தான் டீ கிடைத்தது.

பிறகு சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்தது. முதலில் ஆறாமீன் என்ற சின்ன நட்சத்திரக் கூட்டம் தெரியாமல் போனது, அப்புறம் விடிவெள்ளியும். வேலையை விட்டார், ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வருவார். "என்னா தெரியுது, சொல்லுங்க," என்பார். சொல்வோம். டீ வரும்.

ஒருநாள் வானம் முழுக்க மேகம். அவ்வளவு தூரம் வந்தவரை வெறுமனே திருப்பி அனுப்ப மனம் வராமல் கலைவாணி, "விடிவெள்ளி ஜம்முனு இருக்குதுக்கா," என்றாள். நானும் ஆமாம் போட்டேன். அந்த நேரம் பார்த்து அக்கா கையில் ஒரு சொட்டு விழுந்தது.

"ஏம்மா, விடிவெள்ளி ஒழுவுதா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"எனக்குக் கண்ணுன்னு இருக்கறது நீங்க ரெண்டு பேருதான். நீங்களும் பொய் சொன்னா நான் எதைப் பாக்கறது? மேகம்னா மேகம்னு சொல்லுங்க."

அன்று பிளாஸ்க் திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் ஒரு நட்சத்திரத்தைக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறன்று இருவரும் கிளம்பினோம். சைக்கிள் லேசாக ஓடியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏரிக்கரையில் விளக்கை அணைத்து அண்ணாந்து பார்த்தோம். நான்தான் சொன்னேன்.

"ஒண்ணும் தெரியலைக்கா. மேகமா இருக்குது. போயிட்டு வாங்க."

பிறகு பிளாஸ்க்கைத் திறந்தோம்.