படத்தில் இல்லாத அக்கா

தங்கையின் கல்யாணம் முடிந்து, பெருங்களத்தூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அண்ணன் போட்டோக்களைச் சரிசெய்துகொண்டிருந்தான். குடும்பப் படத்தைப் பார்த்தேன். புருஷனைப் பிரிந்து எங்களோடு இருந்த அக்காவை அழித்திருந்தான். அவள் நின்ற இடத்தில் மேடைத் திரை மட்டும் தெரிந்தது.

“அக்கா எங்கண்ணா?”

“சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கற சிடி. இவ புருஷன் எங்கேன்னு கேப்பாங்க. எதுக்கு வீண் கேள்வி?”

கல்யாணத்தில் பந்தி முழுவதையும் கவனித்தவள் அவள்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“அப்போ என்னையும் அழிச்சிடு!” என்று கத்தினேன்.

கேமராவில் இருந்த அசல் படத்தையே சிடியில் ஏற்றி, பம்மலில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். தங்கையின் மாமியார் படத்தைப் பார்த்துவிட்டு, “பெரியவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்றார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அதைச் சொன்னேன்.

“சரி, விடு” என்றான். அவ்வளவுதான். எனக்கு இன்னும் ஆறவில்லை.