அம்மா பார்த்த கல்லூரிகள்

போன மாதம் மகனுக்குக் கல்லூரி பார்க்கப் போயிருந்தோம். வாசலிலேயே கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். பெற்றோருக்குத் தனி அரங்கு, காபி, திரையில் படம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் நழுவி, தாழ்வாரக் கோடியில் இருந்த பெண்கள் கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தேன். வெளியே வந்தால் மகன் நிற்கிறான்.

"அம்மா, நான் பாய்ஸ் சைடுதானே யூஸ் பண்ணப்போறேன்?"

பினாயில் வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாகப் போய்விட்டது. எங்கள் அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கோலார் தங்கவயலில் இருந்தோம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. நான் பி.யூ.சி., அதாவது கர்நாடகத்துப் பன்னிரண்டாம் வகுப்பு, முடித்துவிட்டு, பெங்களூரில்தான் டிகிரி படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"டைப்ரைட்டிங் கிளாஸ் பக்கத்துலயே கீது. இன்னாத்துக்கு பெங்களூரு?" என்றார் அப்பா. இரண்டு நாள் நான் சாப்பாட்டுத் தட்டோடு பேசாமல் எழுந்துபோனதும், பாவம், மனம் கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னார்: "நீ கூட்டிக்கினு போய்ப் பாத்துட்டு வா. அப்பறம் பேசி முடிவு பண்ணலாம்."

விடிகாலை ரயிலில் போனோம். தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ரயில் அது. முழங்கால்கள் மேல் துண்டை விரித்துச் சீட்டாடுவார்கள். நின்றபடியே தூங்குவார்கள், ஸ்டேஷன் வந்ததும் யாரும் எழுப்பாமலே விழிப்பார்கள். அந்த வித்தை எனக்குக் கடைசிவரை கைவரவில்லை. அம்மா கல்யாணங்களுக்குக் கட்டும் புடவையில் இருந்தாள். மடியில் எலுமிச்சை சாதப் பை.

முதல் கல்லூரியைப் பார்த்ததுமே நான் விழுந்துவிட்டேன். கல் கட்டடம், குடை விரித்த மரங்கள். எந்த மரத்தடியில் புத்தகத்தோடு உட்காருவது என்றுகூடத் தீர்மானித்துவிட்டேன். அதுவரை நான் எந்த மரத்தடியிலும் எதையும் படித்தவளில்லை. அம்மா ஒரு மாணவியிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போனாள். திரும்பி வந்தவள் என் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு கதவுக்குத் தாப்பா இல்ல. கொழாயில தண்ணி இல்ல. வா போலாம்."

"அதுக்காக யாராவது காலேஜை வேணாம்பாங்களாம்மா?"

"நான் சொல்றேன்."

அழுதுகொண்டே பஸ் ஏறினேன். அடுத்தது நீலசந்திராவை ஒட்டிய ஒரு பெண்கள் கல்லூரி. ஓட்டுக் கூரை, சின்ன வாசல். காவலர் மறித்து, "யாரு பேக்கம்மா?" என்று, யார் வேண்டுமென்று கன்னடத்தில் கேட்டார்.

"பாத்ரூம் நோடபேக்கு," என்றாள் அம்மா. பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னாள். அந்த மனிதர் அவசரம் என்று நினைத்துப் பதறி, "ஹோகி, ஹோகி" என்று வழிவிட்டார். அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே பினாயில் வாசனை. ஒவ்வொரு கதவுக்கும் தாழ்ப்பாள், வாளி நிறையத் தண்ணீர். முற்றத்து சிமெண்டு பெஞ்சில் சோற்றைப் பிரித்தோம். ஹாஸ்டல் வார்டன் யாரென்று விசாரிக்க வந்தார். தமிழ்க்கார அம்மாள்தான். "நீ போய் லைப்ரரியப் பாத்துட்டு வா," என்று அம்மா என்னை அனுப்பிவிட்டாள். திரும்பி வந்தபோது டப்பா மூடியில் வார்டன் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "சும்மா," என்றாள்.

மாலையில் ரயில் ஏறினோம். பங்காரப்பேட்டை தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எனக்கும் படிப்பு நல்லாதான் வந்துச்சு. எட்டாவதுல பெரியவளானேன். இஸ்கூல்ல ஒதுங்க எடமில்ல. சாயந்தரம் வரைக்கும் தண்ணி குடிக்காமலே இருப்பேன். ஒருநாள் கிளாஸ்லயே மயங்கி விழுந்தேன். அதோட நிறுத்திட்டாங்க."

கல் கட்டடத்துக்காக அதற்குமேல் எனக்கு அழத் தோன்றவில்லை.

அப்பா பிளாட்பாரத்திலேயே காத்திருந்தார். "இன்னா, எப்படி கீது? வீட்டுக்குப் போய்ப் பேசலாமா?"

அம்மா பையை அவர் கையில் கொடுத்தாள். "பேசறதுக்கு இன்னா கீது? ஹாஸ்டல்ல எடம் கேட்டேன். பொண்ணு வருவான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"நீங்கதான பாத்துட்டு வரச் சொன்னீங்க? பாத்தேன்."

கத்திரிக்காயா அவரைக்காயா என்பதைக்கூட அவரைக் கேட்டு வாங்குகிறவள் அவள். அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு முன்னால் நடந்தார். சுரங்கக்காரர்களுக்குக் கொடுத்த எங்கள் லைன் வீடு நெருங்கும்போது திரும்பாமலே சொன்னார்:

"அங்க குளுருமாமே. ஒரு கம்பளி வாங்கணும்."

மூன்று வருடம் அங்கேதான் படித்தேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வருவாள். சாப்பிட்டதும், "கால் வலிக்குது, செத்த உக்காரலாம்," என்று பூட்டாத வகுப்பறை ஒன்றுக்குள் போவாள். முதல் பெஞ்சில், கரும்பலகைக்கு நேரே உட்காருவாள். சனிக்கிழமை எழுதியது ஏதாவது அழியாமல் இருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே எத்தனையோ சிமெண்டு பெஞ்சுகள் இருந்தன. நான் ஒருநாளும் காரணம் கேட்டதில்லை.

நான் வேலையில் சேர்ந்த சில வருடங்களில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கல்லூரியும் ஊருக்கு வெளியே இடம்பெயர்ந்தது. பழைய கட்டடத்தை இடித்துக் கண்ணாடி மாளிகை எழுப்பியிருக்கிறார்கள். வகுப்பறைகள் இருந்த இடத்தில் இப்போது கார்கள் பாதாளத்துக்குள் இறங்குகின்றன. அம்மாவும் போய்விட்டாள். அந்த முதல் பெஞ்சு எந்த ஊர் விறகுக்கடைக்குப் போனதோ.