லாபிர் நானா சுரண்டின சைக்கிள்

லாபிருக்கு ஊரில் இரண்டு பெயர். ஒன்று வாப்பா வைத்தது, மற்றது சுரண்டி. திருகோணமலை டவுனில், துறைமுகத்துப் பக்கம் இறங்குகிற ஒடுங்கின ஒழுங்கையில் சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கிற ஆள். பழைய பெயின்டைச் சுரண்டாமல் அதற்கு மேலேயே அடித்துத் தரச் சொல்லி அவரிடம் வாய் திறந்தீர்களோ, தொலைந்தீர்கள். "குளிக்காம அத்தர் பூசுவீங்களா?" என்று கேட்பார். இருபத்தாறு வருசமாக இதே கேள்வி. ரோசப்பட்டு வேறு கடைக்குப் போனவர்கள் கனபேர். போனால் போகட்டும் என்று இருப்பார். அவ்வளவு வீம்பு.

ஒரு திங்கட்கிழமை, சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக்கிற கோணாமலை தன் மனைவி தங்கேஸ்வரியின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சின நீலத்தை அதற்கும் அப்பியிருந்தார் மனிசன். தங்கேஸ்வரிக்கு உப்புவெளியில் ஒரு விடுதியில் வேலை. மகளைக் கரியரில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே வேலைக்குப் போய்விடுவா. அவவுக்கு இப்போது சிவப்பு வேணுமாம்.

"சுரண்ட வேண்டாம் நானா. மேலால ஒரு கோட் அடிச்சாக் காணும்."

லாபிர் வாயைத் திறக்க முன்னமே, "ஓம் ஓம், அத்தர் கதை தெரியும்" என்று கோணாமலை நடையைக் கட்டினார். சொன்னால் கேட்கிற ஆளா லாபிர்? முன் பின் சில்லுகளைக் கழற்றி, பெயின்ட் ரிமூவரைப் பூசி, சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு குந்திவிட்டார்.

வள்ளத்துப் பெயின்ட் லேசில் விடாது. இரண்டு நாள் மல்லுக்கட்டினார். கழுத்திலிருந்து பெடல் பக்கம் இறங்குகிற குழாயில் நீலம் கழன்றதும் இரும்பு வரவில்லை. சாம்பல் நிறத்தில், மயிர் மயிராக நூல் வந்தது. ஸ்பேனரால் தட்டினார். மற்ற இடமெல்லாம் கணீரென்றது, அந்த இடம் சொத்தென்றது. ஒரு பக்கத்தைக் கத்தியால் செதுக்கிப் பார்த்தார். குழாயில் பாதிச் சுற்றுக்கு மேல் வெடிப்பு.

"யா அல்லாஹ்!"

வள்ளம் ஓட்டையானால் பைபர் நூலும் பசையும் வைத்து ஒட்டுகிற மாதிரி, கோணாமலை சைக்கிளையும் ஒட்டியிருக்கிறார். துருப்பிடித்த இரும்பில் பைபர் எத்தனை நாளைக்கு நிற்கும்? அந்தக் குழாய் விட்டுப்போனால் தாயும் பிள்ளையும் றோட்டில், பின்னால் பஸ்.  லாபிருக்குக் கோபம் கோபமாக வந்தது.

வியாழக்கிழமை கோணாமலை வந்தபோது, பெயின்ட் இல்லாத பிரேமிலேயே சில்லுகளைப் பூட்டி, வெடிப்புத் தெரிகிற பக்கத்தை வெளியே காட்டி நிறுத்தியிருந்தார்.

"மனிசிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஏறமாட்டாள்." கோணாமலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ட வள்ளமே பைபர்தான் நானா. எவ்வளவு கடலைப் பாத்திட்டுது! இதுவும் ரெண்டு வருசமா ஓடுது, ஒண்டும் ஆகேல்ல. நீங்க சிவப்பை அடியுங்கோ."

வாய்வரை வந்த ஏச்சை லாபிர் விழுங்கினார்.

"அடிக்கிறன் அண்ணன். ஒருக்கா ஏறி, ஒழுங்கை முடியமட்டும் ஓடிட்டு வாங்க. வந்த உடன அடிக்கிறன்."

"இதென்ன பெரிய வேலை" என்று கோணாமலை சிரித்தார். சாரத்தை மடித்துக் கட்டி, ஹாண்டிலைப் பிடித்து, பெடலில் காலை வைத்தார். ஒழுங்கை கீழே சரிந்து மெயின் றோட்டில் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. கோணாமலை குனிந்து வெடிப்பைப் பார்த்தார். காலை எடுத்தார். திரும்ப வைத்தார். திரும்பவும் எடுத்தார்.



கோணாமலை சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"கடலால வந்த கையோட," என்றார், "ஒவ்வொரு நாளும் நான்தான் நானா பிள்ளையைத் தூக்கி இதில இருத்தி விடுறனான்."