ஐயாயிரம் இழைகளும் அந்தரத்தில் நின்ற அக்காவும்

இன்று காலை என் அக்கா பதினோரு நிமிடம் அந்தரத்தில் நின்றார்.

தரைக்கு ஒரு முழம் மேலே. கையில் சந்தனக் கிண்ணம். (கொட்டவில்லை. சந்தனமும் நின்றுவிட்டது.)

பயப்படாதீர்கள். அக்கா நாமக்கல்லில் நாற்காலியில்தான் இருந்தார். அந்தரத்தில் நின்றது ஆன்லைன் உலகத்துக்குள் இருக்கும் அவருடைய பொம்மை உருவம்.

அக்கா மகள் சங்கவிக்கு வளைகாப்பு. அவள் இருப்பது மெல்போர்னில். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு வாரம் ஆகிறது.

நிஜத்தில் எழ முடியாதவள் அங்கே எழுந்து நடக்கலாம், மணையில் உட்காரலாம். அதனால் விழாவையே அந்த உலகத்துக்குள் வைத்தோம்.

மண்டபம் என் கைவண்ணம். பின்னால் மலையும் பனமரத்துப்பட்டி ஏரியும். (நிஜ ஏரி எப்படியோ, என் ஏரியில் எந்நாளும் தளும்பத் தளும்பத் தண்ணீர்.) மேலே இளஞ்சிவப்பு வானம். தாமரை மட்டும் ஒரு லட்சம். குறைத்துத்தான் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: அடியேன் ராசிபுரத்தில் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். முப்பது வருடமாக, கட்டம் கட்டமாக, இழை இழையாக. என் அனுமதி இல்லாமல் எந்த முந்தானையிலும் அன்னப்பறவை தலையைத் திருப்புவதில்லை.

அப்படிப்பட்ட தாய்மாமன் சீர்ச்சேலையை எப்படிச் செய்வான்?

இழை இழையாகத்தான். நீளவாக்கில் ஓடும் பாவு மட்டும் ஐயாயிரத்துச் சொச்சம். குறுக்கே ஓடும் ஊடையையும் எண்ணினால் இந்தப் பதிவே நின்றுவிடும். ஒவ்வொரு இழையும் தனித்தனிப் பொருள். இரண்டு மாத வேலை.

எங்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன் சேலை தோளில் விழுந்த பிறகுதான் முதல் வளையல் ஏறும். பத்தரைக்கு ராகு காலம். பத்து ஐந்துக்குச் சேலைத் தட்டை ஏந்தி மண்டபத்துக்குள் வலது காலை வைத்தேன்.

உலகம் நின்றது.

தாமரை பாதி விரிந்தபடி நின்றது. பறந்துகொண்டிருந்த கொக்கு வானத்தில் ஒட்டிக்கொண்டது. படியிலிருந்து இறங்கிய அக்கா, கால் தரையில் படாமலே நின்றார். மணையில் கண் சிமிட்டப் போன சங்கவி, மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழகாக இருந்தது. கடவுள் கொஞ்சம் உட்கார்ந்து டீ குடித்தால் உலகம் இப்படித்தான் இருக்கும் போல.

குரல் மட்டும் தடையில்லாமல் வந்தது. முதலில் அக்கா.

"டேய், கை கீழ வரமாட்டீங்குது. என்னடா பண்ணி வெச்ச?"

"ஊரு நெட்டு அப்படி இருக்குதுக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

வைஃபையை விட்டுவிட்டு ஒயரைச் செருகினேன். பக்கத்து அறையில் மனைவி பார்த்துக்கொண்டிருந்த சீரியலை நிறுத்தினேன். (இதற்கான தண்டனை இனிமேல்தான் வரும்.) அக்கா இறங்கவில்லை.

சங்கவியின் கணவர் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். அவர்தான் விளக்கினார்.

"நெட்டு நல்லாத்தானுங்க இருக்குது மாமா. அதுல கோளாறுன்னா பேச்சும் வெட்டி வெட்டி வருமுங்க. இது வேற. லாரி சங்ககிரிக்கு வந்து சேந்துருச்சு, லோடு எறக்க ஆளு பத்தல. மண்டபத்துல இருக்கற ஒவ்வொண்ணையும் அவங்கவங்க கம்ப்யூட்டரே வரைஞ்சாகோணுமுங்க."

"அப்ப லோடைக் கொறைப்போம் மாப்ள."

முதலில் என் மீசை போனது. முடி முடியாக வளர்த்த மீசை. பிறகு பத்து விரலிலும் போட்டிருந்த மோதிரங்கள். நிழல்களை அணைத்தோம். பார்வை எட்டும் தூரத்தைச் சுருக்கினோம். மலை கரைந்தது. ஏரி கரைந்தது. தாமரைகள் கொத்துக் கொத்தாக எங்கோ போயின.

கடைசியில் வெள்ளைப் பனிக்குள் ஒரு மணை, அதில் சங்கவி, என் கையில் தட்டு, அந்தரத்தில் அக்கா.

பத்து பதினான்கு.

"மாமா, இங்க இவரை உட்டா எனக்கு யாருமே இல்லீங்க." சங்கவியின் குரல் தாழ்ந்திருந்தது. "நீங்கெல்லாம் வாரீங்கன்னுதான் ஒரு வாரமா நாளை எண்ணிக்கிட்டு இருந்தேன். நேரம் போயிருமாட்ட இருக்குது."

மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க மாமா. அந்தச் சேலை எத்தனை பொருளுங்க?"

சொன்னேன்.

இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். (சொன்னேன். குறையவில்லை.)

"சேலைய யாருமே நூல் நூலாச் செய்ய மாட்டாங்க மாமா. ஒரே துணியா வெச்சு, மேல போட்டோவை ஒட்டிருவாங்க."

முப்பது வருடத்தில் யாரும் என்னிடம் சேலையை ஒட்டச் சொன்னதில்லை. ஆனால் மணையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். இரண்டு மாதத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். பைக்குள் போனதை யார் கம்ப்யூட்டரும் வரைய வேண்டியதில்லை.

அக்கா தொப்பென்று இறங்கினார். சங்கவி கண்ணைத் திறந்தாள்.

வெறும் துணியொன்றில் சேலையின் படத்தை ஒட்டி, பத்து இருபத்தொன்றுக்கு அவள் தோளில் போர்த்தினேன். அக்கா முதல் வளையலை ஏற்றினார்.

"மாமா, இது போட்டோங்களா?"

டிசைன்காரனின் அக்கா மகளை ஏமாற்ற முடியுமா?

"ஆமா சாமி."

"நெசச் சேலைய அழிச்சுட்டீங்களா?"

"இல்ல, பையில பத்திரமா இருக்குது."

"எல்லாரும் போனதுக்கப்பறம் என்ற ஊட்டுல விரிச்சுட்டுப் போங்க."

அந்த உலகத்தில் அவளுக்கென்று குட்டி வீடு ஒன்று உண்டு. சுவர் முழுக்க விரித்துவிட்டு வந்தேன்.

மாலை நான்கு மணிக்கு அவளிடமிருந்து குரல் செய்தி.

"மாமா, இப்பத்தான் கரை முடிஞ்சு ஒடலுக்கு வந்திருக்குதுங்க. ஒவ்வொரு நூலா வருது. கண்ணு முன்னாடி யாரோ நெய்யறாப்பல இருக்குது. பாத்துக்கிட்டே படுத்திருக்கேன். புது கம்ப்யூட்டர் வாங்குனா சட்டுனு வந்துரும்னு இவரு சொல்றாரு. சும்மா இருங்கன்னுட்டேன்."

ஆகவே நண்பர்களே, உங்கள் உலகம் நின்றுபோனால் கேளுங்கள். ஒயரைச் செருகுவதிலிருந்து மீசையை எடுப்பதுவரை சகலமும் சொல்லித் தருகிறேன்.

மெல்போர்னில் ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்ல மாட்டேன்.

அங்கே இன்னும் முந்தானை பாக்கி இருக்கிறது.