சம்பந்தி நாட்டின் மேல் படையெடுக்கலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை என் சாம்ராஜ்யம் கவிழ்ந்தது. ராசிபுரத்தில் ஒருவர்கூட துக்கம் விசாரிக்க வரவில்லை!

கம்ப்யூட்டர் கேமில் நான் ஆண்ட நாடு அது. பழைய ஐரோப்பாவின் ஓரத்தில் ஒரு துக்கடா ராஜ்யம். வரி, படை, கல்யாணம், ஒப்பந்தம் - எல்லாவற்றையும் ராஜாவாகிய நாமே பார்க்க வேண்டும். தை மாதத்திலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்தேன்.

இதில் ஜெயிப்பது பெரிய வித்தையே இல்லை. தோற்றால், முன்பு சேவ் செய்த இடத்துக்குப் போய் மறுபடி ஆடலாம். அதில் என்ன கெத்து? அதனால் என்னைப் போன்ற கிறுக்கர்கள் எங்களுக்கு நாங்களே சட்டம் போட்டுக்கொள்வோம். என் சட்டம் இரண்டு. தோற்றால் பின்னால் போகக் கூடாது. கொடுத்த வாக்கை மீறக் கூடாது.

மூன்றாவது சட்டம் என் மனைவி போட்டது.

பக்கத்து நாட்டில் அருமையான துறைமுகம். அது கிடைத்தால் நான் பிழைப்பேன். இல்லையென்றால் பெரிய நாடுகள் என்னை நசுக்கிவிடும். நாமக்கல் பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடுவது மாதிரி, எல்லையில் படையை நிறுத்திவிட்டேன். காபியோடு வந்த மனைவி திரையைப் பார்த்தாள்.

"இது யாரு நாடுங்க?"

"இப்பத்தான் என் பொண்ணைக் கட்டிக் குடுத்தேன், அந்த நாடு. அதாவது... ராஜாவோட பொண்ணை."

"ஏனுங்க, சம்பந்தி ஊட்டு மேலயா சண்டைக்குப் போறீங்க? நாளைக்கு அந்தப் புள்ள அங்க எப்படிங்க தலை நிமிந்து நடக்கும்?"

"அட, அது கம்ப்யூட்டர் பொண்ணு!"

"எந்தப் பொண்ணா இருந்தா என்னங்க? கட்டிக் குடுத்தாச்சுல்ல?"

படையைத் திருப்பி அழைத்தேன். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. என்ன ஒரு பண்பான ராஜா!

அடுத்த வருடமே - கேமில் ஒரு வருடம் என்பது காபி ஆறுகிற நேரம் - சம்பந்தி என் மேல் படையெடுத்தார். கோட்டை போச்சு. தலைநகரம் போச்சு. பழைய சேவ் கூப்பிடுகிறது... கை பரபரக்கிறது... சட்டம் சட்டம்தானே? கம்ப்யூட்டரை மூடினேன்.

நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் சட்டத்தில் இதுதான் சிக்கல். அது நம்மை மட்டும்தான் கட்டும். எதிராளிக்குத் தகவலே போவதில்லை.

நேரே சமையலறைக்குப் போய்க் கத்தினேன். "பாத்தியா உன் சம்பந்தி லட்சணத்தை? சும்மா இருந்தவனை வந்து அடிச்சுட்டான்!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அசரவே இல்லை.

"கல்யாணமாகி மொத வருசம். தலை ஆடிக்குப் பொண்ணு மாப்பிள்ளையப் போய் அழைச்சீங்களா?"

"கேம்ல ஏது ஆடி?"

"அழைக்கலீங்களா? பின்ன, அவங்களுக்குக் கோவம் வராதுங்களா!"